வைசரில் விழுந்த விரிசல்: கரைத்து ஒட்டிய கதை

சென்ற ஆண்டு மழைக்காலம் ஓய்ந்த பிறகு நண்பர்கள் மூவருடன் உதகைக்குப் போய், எமரால்டு, அவலாஞ்சிப் பக்கத்து மண்பாதைகளில் இரண்டு நாள் சைக்கிள் ஓட்டிவிட்டுக் கோவைக்குத் திரும்பினேன். சைக்கிள்களைச் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் பேருந்தில் வந்தோம். தலைக்கவசத்தைத் துணிப்பையில் போட்டுப் பேருந்தின் டிக்கியில் வைத்தேன். பக்கத்தில் இருந்த எங்கள் கருவிப்பெட்டி பர்லியாறு வளைவுகளில் நகர்ந்து நகர்ந்து அதன் மீது சாய்ந்திருக்க வேண்டும். வீட்டில் பையைத் திறந்தபோது தலைக்கவசத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு வைசரின் வலப்புறத் திருகுத் துளையிலிருந்து நுனியை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அளந்து பார்த்ததில் 48 மில்லிமீட்டர் இருந்தது.

இங்கே வைசர் என்று நான் சொல்வது மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் முகத்தை மூடும் கண்ணாடி போன்ற தகட்டை அன்று. மலைப்பாதை சைக்கிள் தலைக்கவசத்தில் வெயிலையும் தூறலையும் தாழ்ந்த கிளைகளையும் தடுக்க நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒளிபுகாத பிளாஸ்டிக் தகட்டையே சொல்கிறேன். இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒளிபுகும் வைசர் பெரும்பாலும் பாலிகார்பனேட்டால் ஆனது. கீழே நான் விவரிக்கும் முறையை அதில் கையாண்டால் அது பால் போல் வெளுத்து, மேற்பரப்பெங்கும் மயிரிழை வெடிப்புகள் பரவிவிடும். பார்வைக்கு நேராக இருக்கும் தகட்டில் விரிசல் விழுந்தால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வைசரைத் தொடுவதற்கு முன் தலைக்கவசத்தைப் பார்த்தேன். சைக்கிள் தலைக்கவசத்தில் உயிர்காக்கும் பகுதி உள்ளே இருக்கும் வெள்ளை நுரை, அதாவது நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் பாலிஸ்டைரின் நுரைதான். ஐரோப்பிய இ.என். 1078 தரத்தின்படி, தலையுருவத்துடன் தலைக்கவசத்தை நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் அது, தட்டையான இரும்பின் மீது மோதவிடுகிறார்கள். அப்போது உள்ளே பதிவாகும் அதிர்வு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்கைத் தாண்டக்கூடாது. நுரை நசுங்கித்தான் அந்த வேகத்தை விழுங்குகிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி எழாது. எனவே நுரையிலோ, அதன்மேல் ஒட்டிய மெல்லிய ஓட்டிலோ, கன்னப்பட்டையின் கொக்கியிலோ பழுது இருந்தால் அந்தத் தலைக்கவசத்தை அத்துடன் கழித்துவிட வேண்டும். பசை, நாடா, பட்டி எதற்கும் அங்கே வேலையில்லை.

உள்ளே இருந்த பஞ்சுத் திண்டுகளைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் நுரையின் ஒவ்வொரு பள்ளத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். இரு பக்கங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்தியபோது கிறீச்சென்ற ஒலியோ நெகிழ்வோ இல்லை. வெளி ஓட்டிலும் வடு இல்லை. கருவிப்பெட்டியின் பாரம் முழுவதும் நீட்டிக்கொண்டிருந்த வைசரின் மீதே விழுந்து நெம்புகோல் போல அதைத் திருகுத் துளையில் ஒடித்திருக்கிறது என்று முடிவுசெய்தேன். தலைக்கவசம் தலையோடு சேர்ந்து எங்கேனும் மோதி இந்த விரிசல் வந்திருந்தால், இந்தப் பதிவை எழுதவே வாய்ப்பு இருந்திருக்காது. அது குப்பைக்குப் போயிருக்கும்.

உதிரி வைசர் கேட்டுக் கடையில் விசாரித்தேன். அந்த மாதிரியின் தயாரிப்பே நின்றுவிட்டது, உதிரி வராது என்றார்கள். வைசர் இல்லாமலும் தலைக்கவசத்தை அணியலாம், பாதுகாப்பில் குறைவில்லை. ஆனால் காலை 7 மணிக்கு ஆனைகட்டி சாலையில் கிழக்கு நோக்கித் திரும்பி வரும்போது கண்ணில் அடிக்கும் வெயிலை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்தச் சிறு தகட்டின் அருமை தெரியும்.

முதல் முயற்சி எல்லோரும் செய்வதுதான். ஒரு சொட்டில் ஒட்டும் உடனடிப் பசையை விரிசலில் விட்டேன். அதன்மேல் சமையல் சோடாவைத் தூவி மறுபடி ஒரு சொட்டு விட்டேன். சோடாவின் காரத்தன்மை பட்டதும் பசை நொடியில் கல்லாக இறுகிவிடும். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. பதினோராம் நாள் பேரூரைத் தாண்டி ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது டக்கென்று ஓர் ஒலி. வைசர் மறுபடி தொங்கியது. காரணத்தை யோசித்தால் எளிது. வைசர் ஓட்டத்தில் ஓயாமல் அதிர்ந்து வளையும் பொருள். இறுகிய உடனடிப் பசையோ கண்ணாடி போல வளையாத பொருள். வளைகிற இரண்டு ஓரங்களுக்கு நடுவில் வளையாத ஒரு கோட்டை வைத்தால், முதலில் உடைவது அந்தக் கோடாகத்தான் இருக்கும். அதோடு விரிசலின் நுனியை நான் கவனிக்கவே இல்லை. பழைய 48 மில்லிமீட்டர் இப்போது 53 ஆகியிருந்தது.

அந்த 5 மில்லிமீட்டர்தான் என்னை நிதானமாக உட்கார வைத்தது.

இது என்ன பிளாஸ்டிக் என்பதே அடுத்த கேள்வி. அது தெரியாமல் பசை தேடுவது, நோயறியாமல் மருந்துக் கடைக்குப் போவதைப் போன்றது. பல பொருள்களின் உட்புறத்தில் இரு அம்புக்குறிகளுக்கு நடுவே ஏ.பி.எஸ்., பி.பி. (பாலிபுரோப்பிலீன்), பி.ஏ. (நைலான்) என்று பிளாஸ்டிக்கின் வகையை அச்சு வார்ப்பிலேயே குறித்திருப்பார்கள். என் வைசரில் அப்படி எதுவும் இல்லை. எனவே உட்புற ஓரத்திலிருந்து பிளேடால் அரிசி நுனி அளவில் இரண்டு மூன்று சீவல்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

ஒரு டம்ளர் நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டுச் சீவலைப் போட்டேன். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் கனமான துணுக்குகூட நீரின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு மிதப்பது போல் ஏமாற்றும். சீவல் மூழ்கியது. நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி 0.9 என்பதால் அது மிதந்திருக்கும். ஆகவே அது இல்லை. மனம் இலேசாயிற்று, ஏனென்றால் பாலிபுரோப்பிலீனில் வீட்டுப் பசை எதுவும் பிடிக்காது. அடுத்து ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் உப்பைக் கரைத்தேன். அந்த நீரின் அடர்த்தி 1.06 அளவுக்கு வரும். அதில் சீவல் மெதுவாக மேலெழுந்து மிதந்தது. நைலான் 1.13, பாலிகார்பனேட் 1.2, இரண்டுமே அதில் மூழ்கியிருக்கும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.04 அல்லது 1.05. உறுதிசெய்துகொள்ள, இன்னொரு சீவலின் மேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டு ஒரு நிமிடம் கழித்துக் குச்சியால் தொட்டேன். பலாப்பழப் பால் போல நூலாக இழுபட்டது. ஏறக்குறைய உறுதி, ஏ.பி.எஸ். தான்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கூடு, கணினி விசைப்பலகை, 1963 முதல் லெகோ கட்டைகள் என நம் வீடுகளில் நிறைந்திருக்கும் பொருள் இது. இதில் உள்ள பாலிபியூட்டாடையீன் என்ற ரப்பர்த் துகள்களே இதற்கு அடிதாங்கும் குணத்தைத் தருகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் முதலில் தின்பதும் அந்த ரப்பரைத்தான். நான்கு ஆண்டுக் கோவை வெயிலில் என் வைசரின் மேற்புறம் சாம்பல் பூத்திருந்தது அதனால்தான். கருவிப்பெட்டி இடித்தது கடைசித் தள்ளல் மட்டுமே என்று நினைக்கிறேன்.

ஏ.பி.எஸ். என்று தெரிந்ததும் வேலையின் போக்கே மாறிவிட்டது. இனித் தேவை பசை அன்று; அதே பிளாஸ்டிக்கைக் கரைத்து, இரண்டு ஓரங்களையும் இளக்கி, ஒன்றோடொன்று கலந்து உறையவிடுவது. இரும்பைப் பற்றவைப்பதற்கும் ஈயம் வைத்து ஒட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு.

இதற்கிடையில் எங்கள் தெருமுனையில் கார் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் காட்டினேன். உடைந்த பம்பர்களில் சூடான கம்பியைப் புதைத்துத் தைக்கும் கருவி அவரிடம் உண்டு. வைசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பி வச்சா நல்லாத் தாங்குமுங்க தம்பி. ஆனா விழுந்தா மூஞ்சிக்கு நேரா வர்ற இடத்துல கம்பிய வச்சுக்கிட்டு எதுக்குங்க?" என்றார். வருமானத்தை விட்டுக்கொடுத்து அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால் உலோகம் எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவுசெய்தேன். தேநீர் வடிகட்டியின் துருப்பிடிக்காத வலையை வெட்டிப் புதைக்கலாம் என்று நான் வைத்திருந்த யோசனையும் அதோடு போயிற்று.

அசிட்டோனை ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் அரை லிட்டர் வாங்கினேன். நகப்பூச்சை நீக்கும் திரவம் இதற்கு ஆகாது. சிலவற்றில் அசிட்டோனே இருக்காது. இருந்தாலும் நீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அசிட்டோன் தெர்மாகோலைச் சர்க்கரையை நீர் கரைப்பதுபோல் கரைத்துவிடும். தலைக்கவசத்தின் நுரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் அந்த இடத்தில் குழி விழும், ஆவி பட்டாலும் கெடுதிதான். எனவே வைசரைக் கழற்றிய பிறகு தலைக்கவசத்தை வேறோர் அறையின் பரணில் வைத்துவிட்டேன். வேலை முழுவதும் மாடியில், திறந்த வெளியில் நடந்தது. அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும்; அதன் ஆவி உறைநிலைக்குக் கீழான குளிரிலும் தீப்பற்றும். அடுப்பு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் அருகில் கூடாது. நீல நிற நைட்ரைல் கையுறை காப்பாற்றும் என்று நம்பிப் போட்டிருந்தேன்; சில நிமிடங்களில் விரல்நுனிகள் உப்பித் தொளதொளத்துவிட்டன. அதன் பிறகு கையுறையை நம்பாமல் இடுக்கியையும் தூரிகையையும் கொண்டே எல்லாவற்றையும் செய்தேன்.

நிரப்புப் பொருளுக்கு, கெட்டுப்போன கறுப்பு விசைப்பலகை ஒன்றின் அடித்தகட்டை எடுத்தேன். அதில் ஏ.பி.எஸ். என்று தெளிவாகப் பொறித்திருந்தது. விசைகளைப் பயன்படுத்தவில்லை, அவை வேறு பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும். தகட்டைக் கத்தரியால் மிளகளவுத் துண்டுகளாக நறுக்கி, 10 கிராம் துண்டுகளுக்கு 25 மில்லிலிட்டர் அசிட்டோன் என்ற கணக்கில் உலோக மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடி வைத்தேன். பிளாஸ்டிக் டம்ளரில் கரைக்கப் பார்த்தால் சில வகைகளில் டம்ளரும் சேர்ந்து கரையும். முதல் ஒரு மணி நேரம் துண்டுகள் ஜவ்வரிசி போல வெந்து ஒட்டிக்கொண்டன. இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் குச்சியால் கிளறியபோது, சர்க்கரைப் பாகு கம்பிப் பதத்துக்குச் சற்று முன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதில் பாதியை வேறு சீசாவில் எடுத்து, இன்னும் அசிட்டோன் ஊற்றித் தோசை மாவு அளவுக்கு நீர்க்கச் செய்தேன். கெட்டிக் கூழ் நிரப்புவதற்கு, நீர்த்த கூழ் பூசுவதற்கு.

பழைய உடனடிப் பசையை அகற்றுவதுதான் இந்த வேலையிலேயே சலிப்பூட்டிய பகுதி. அசிட்டோனில் அது இளகும், ஆனால் அதற்கு முன் வைசரே இளகிவிடும். ஆகவே பிளேடாலும் சிறு அரத்தாலும் சுரண்டியேதான் எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முதல் முயற்சியில் நான் மிச்சப்படுத்தியதாக எண்ணிய நேரம் அங்கே வட்டியோடு போயிற்று.

அடுத்தது விரிசலின் நுனி. கண்ணுக்குத் தெரிவது நுனி அன்று. வைசரை மெல்ல வளைத்துப் பிடித்தால், விரிசல் முடிந்ததாகத் தோன்றும் இடத்துக்கு அப்பாலும் ஒரு வெண்கோடு தோன்றும். கறுப்பு ஏ.பி.எஸ். இழுபடும்போது உள்ளே நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி வெளுக்கிறது; இது அதன் குணம். எனக்கு அந்த வெண்கோடு மேலும் 3 மில்லிமீட்டர் நீண்டது. அதன் முடிவில் வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைத்து, கையால் சுழற்றும் சிறு டிரில்லில் 2 மில்லிமீட்டர் அலகைப் பொருத்தித் துளையிட்டேன். மின்சார டிரில்லின் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி அலகில் சுற்றிக்கொள்ளும்.

ஓட்டையான பொருளில் இன்னும் ஓர் ஓட்டை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். இதற்கு விடை 1913 ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. பிரிட்டிஷ் பொறியியலாளர் இங்கிலிஸ், தகட்டில் உள்ள நீள்வட்டத் துளையின் முனையில் இழுவிசை எத்தனை மடங்கு குவிகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அந்தத் துளையின் நீளத்தில் பாதியை, ஓரத்திலிருந்து தொடங்கும் விரிசலானால் அதன் முழு நீளத்தை, நுனியின் வளைவு ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். என் விரிசலை 56 மில்லிமீட்டர் என்றும், கூர்மையான நுனியின் ஆரத்தை 0.05 மில்லிமீட்டர் என்றும் கொண்டால் 68 மடங்கு வருகிறது. அந்த நுனியில் 2 மில்லிமீட்டர் துளை போட்டால் ஆரம் 1 மில்லிமீட்டர் ஆகிவிடும். குவிவு 16 மடங்காகக் குறைகிறது. திருகுத் துளையில் தொடங்கும் என் விரிசலுக்கு இது தோராயக் கணக்குதான். ஆனாலும் ஒரு சிறு துளை நுனியின் பாரத்தை நான்கில் ஒரு பங்காக்குகிறது என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. அதே வேளையில், 16 மடங்கும் சிறிதன்று. துளை போட்டதோடு நின்றுவிட முடியாது என்பதையும் அந்தக் கணக்கே சொல்கிறது.

துளையிட்ட பிறகு விரிசலின் இரு ஓரங்களையும் மேடுபள்ளம் இல்லாமல் சேர்த்து, மேற்புறத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்காக ஒட்டினேன். துணி உலர்த்தும் கிளிப்புகள் இரண்டால் விளிம்பை இறுக்கினேன். உட்புறத்திலிருந்து வெறும் அசிட்டோனை விரிசலில் ஓடவிட வேண்டும். நுண்குழாய் ஈர்ப்பால் அது தானாகவே உள்ளே இழுபட்டு இரு முகங்களையும் இளக்கிவிடும். மருந்துக்கடை ஊசிக்குழாயில் அசிட்டோனை இழுத்தேன். இரண்டாம் முறை இழுப்பதற்குள் உள்ளிருந்த ரப்பர் அடைப்பு வீங்கி, நகராமல் நின்றுவிட்டது. பிறகு மெல்லிய ஓவியத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தேன். அது ஊசிக்குழாயைவிட நன்றாகவே கட்டுப்பட்டது. மூன்று முறை தொட்டு, விரிசலை இரு விரல்களால் நெருக்கிப் பிடித்தபோது ஓரத்தில் கரும் பிசின் மயிரிழையாகப் பிதுங்கியது. அப்படிப் பிதுங்கினால்தான் உள்ளே இளகிச் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு தவறு செய்தேன். வைசரின் அடியில் வழிந்திருந்த அசிட்டோனைக் கவனிக்காமல் கட்டை விரலை அழுத்தி வைத்தேன். என் கட்டைவிரல் ரேகை, காவல் நிலையத்தில் வைத்த ரேகையைப் போலச் சுத்தமாக அதில் பதிந்துவிட்டது. அது இன்னும் இருக்கிறது. உட்புறம் என்பதால் தேய்த்து அழிக்கவில்லை.

ஒரு நாள் முழுவதும் நிழலில் விட்டேன். மறுநாள் உட்புறத்தில், விரிசல் கோட்டின் மீது முக்கோண அரத்தால் ஆங்கில வி எழுத்தின் வடிவில் சால் இழுத்தேன். தகட்டின் கனம் 2.2 மில்லிமீட்டர், சாலின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இருபுறமும் 20 மில்லிமீட்டர் அகலத்துக்கு 120 எண் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை நீக்கினேன். பிறகு கெட்டிக் கூழைச் சாலில் நிரப்பினேன்.

அவசரம் இங்கேதான் தண்டித்தது. சால் முழுவதையும் ஒரே தடவையில் வழிய வழிய நிரப்பி, வேகமாகக் காயட்டும் என்று வெயிலில் வைத்தேன். மேலே ஆடை படர்ந்து இறுகிவிட்டது. உள்ளே அடைபட்ட அசிட்டோன் வெயில் சூட்டில் கொதித்துக் குமிழ்களாகிவிட்டது. கறுப்புத் தகடு உச்சிவெயிலில் 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும் என்பது நினைவில் இருந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத் தேய்த்தபோது உட்புறம் ரொட்டித் துண்டு போலப் பொத்தல் பொத்தலாக இருந்தது. மறுபடி சுரண்டி எடுத்தேன். இம்முறை அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பூச்சு, எட்டு மணி நேரம் நிழலில், அதன்மேல் அடுத்த பூச்சு என்று நான்கு தடவை பூசினேன். அசிட்டோன் போகப் போகக் கூழ் சுருங்கும் என்பதால் ஒவ்வொரு பூச்சும் சற்றே குழிந்துதான் காயும். அதைப் பார்த்து மனம் கலங்கத் தேவையில்லை, அடுத்த பூச்சு அதை மூடிவிடும். ஒருநாள் மாலை மழை இறங்கியபோது பூச்சின் மேல் வெண்மை படர்ந்தது. அசிட்டோன் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரக்காற்றின் நீர் அதில் படிவதால் அப்படி ஆகிறது. அந்தப் பூச்சைத் தேய்த்துவிட்டு மறுநாள் பூசினேன்.

உள்வலுவுக்குக் கண்ணாடி நார் வலையைத் தேர்ந்தெடுத்தேன். சுவர் விரிசலுக்கு ஒட்டும் வலைப்பட்டை, வண்ணப்பூச்சுக் கடையில் சுருளாகக் கிடைக்கும். அதன் மேலுள்ள ஒட்டும் பசையை அசிட்டோனில் அலசி எடுத்தேன். 15 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று, 22 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று என இரண்டு துண்டுகள் வெட்டினேன். முதலில் நீர்த்த கூழைத் தடவி, குறுகிய துண்டைப் பதித்து, அது காய்ந்த பின் அகன்ற துண்டை அதன் மேல் பதித்தேன். இரண்டும் ஒரே இடத்தில் முடியக்கூடாது. கனம் சட்டென்று குறையும் கோடு எங்கே இருக்கிறதோ, அடுத்த விரிசல் அங்கேதான் பிறக்கும். துணியில் ஒட்டுப்போடும் தையற்காரர் ஓரத்தைப் பரவலாகத் தைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வலையின் முனைகளை வைசரின் விளிம்புக்கு 4 மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்திக்கொண்டேன். நார் நுனிகள் வெளியே நீட்டினால் நெற்றியில் குத்தும்.

மேற்புறத்துக்கு வலை தேவைப்படவில்லை. டேப்பை உரித்து, ஆழம் குறைந்த சால் ஒன்று இழுத்து, இரண்டு பூச்சில் நிரப்பினேன். நுனியில் போட்ட துளையையும் கூழால் அடைத்தேன். பிறகு நான்கு நாள் தொடவே இல்லை. விரல் நகத்தை ஊன்றிப் பார்க்க, தடம் பதியாமல் இருந்தால்தான் உள்வரை காய்ந்திருக்கிறது என்று கொண்டேன். மூன்றாம் நாள்கூட மெல்லிய தடம் விழுந்தது.

திருகுத் துளையைச் சுற்றி மட்டும் தனிக் கவனம் தேவைப்பட்டது, ஏனெனில் விரிசலின் தாய்வீடு அதுதான். இடப்பக்கத் துளையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அங்கும் 4 மில்லிமீட்டரில் ஒரு மயிரிழை விரிசல் தொடங்கியிருந்தது. அதாவது டிக்கிப் பயணத்துக்கு முன்பிருந்தே நான் திருகை அளவுக்கு மீறி இறுக்கி வந்திருக்கிறேன். குற்றத்தை முழுவதும் கருவிப்பெட்டியின் மேல் போட்ட எனக்கு அது சிறிய அதிர்ச்சி. அதையும் இதே முறையில் சரிசெய்தேன். இரு துளைகளையும் வட்ட அரத்தால் கால் மில்லிமீட்டர் அகட்டி, விளிம்பின் கூர்மையை 400 எண் உப்புத்தாளைச் சுருட்டி மழுக்கினேன். சைக்கிளின் பழைய டியூபிலிருந்து 12 மில்லிமீட்டர் விட்டத்தில் ரப்பர் வளையங்கள் வெட்டித் திருகின் தலைக்கு அடியில் வைத்தேன். இறுக்கம் இப்போது ஒரு புள்ளியில் குவியாமல் பரவுகிறது.

திருகுகளைப் பற்றி ஒரு சொல். அவை பிளாஸ்டிக்கால் ஆனவை. தலை தேய்ந்துபோயிருந்ததால் இரும்புத் திருகு போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போடக்கூடாது. கீழே விழும்போது வைசர் தரையில் மாட்டிக்கொண்டால், அந்தப் பிளாஸ்டிக் திருகு முறிந்து வைசர் கழன்று போக வேண்டும். இல்லாவிட்டால் தலைக்கவசம் தலையோடு திருகிக் கழுத்துக்குத் தீங்காகும். அதே காரணத்தால்தான் வைசரையும் முன்பு இருந்ததைவிடப் பலமாக்க நான் முயலவில்லை. கார்பன் நார், எபாக்சி என்று ஆசை காட்டிய நண்பருக்கும் இதையே சொன்னேன். அது கண்ணுக்கு நிழல் தந்தால் போதும், சம்மட்டியைத் தாங்க வேண்டியதில்லை.

மேற்பரப்பை 220, 400, 800 என்ற வரிசையில், கடைசி இரண்டையும் நீர் தொட்டுத் தேய்த்தேன். பிளாஸ்டிக்குக்கான முதற்பூச்சை மெல்லியதாக இரண்டு தடவையும், பளபளப்பில்லாத கறுப்பை மூன்று தடவையும் தெளித்தேன். வண்ணம் அழகுக்காக மட்டுமன்று, வெயில் இனி ஏ.பி.எஸ். மீது நேரடியாக விழாது. தெளிப்பு வண்ணத்திலும் கரைப்பான் உண்டு என்பதால் இதையும் தலைக்கவசத்துக்கு எட்டாத தூரத்தில்தான் செய்தேன். பூசி ஒரு வாரம் கழித்தே தலைக்கவசத்தில் மாட்டினேன். நாணயத்தின் விளிம்பால் திருகைச் சுழற்றி, தடை தெரிந்த பிறகு கால் சுற்று மட்டும் இறுக்கினேன்.

சமையல் தராசில் வைசர் முன்பு 38 கிராம் இருந்தது, இப்போது 43. மாட்டுவதற்கு முன் நுனியைக் கட்டைவிரலால் 10 மில்லிமீட்டர் அளவுக்கு 200 தடவை வளைத்துப் பார்த்தேன். பழுதுபார்த்த பக்கம் மற்றதைவிடச் சற்று விறைப்பாக இருப்பது கைக்குத் தெரிகிறது. வெண்கோடு எங்கும் தோன்றவில்லை. செலவு என்று பார்த்தால் அசிட்டோன், வலைப்பட்டை, இரண்டு வண்ணக் குப்பிகள் எல்லாம் சேர்ந்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பெரும்பகுதி இன்னும் அலமாரியில் மிச்சம் இருக்கிறது. காலம்தான் அதிகம், காயவிட்ட நாள்களையும் சேர்த்து மூன்று வாரம்.

மாட்டி ஐந்து மாதம் ஆகிறது. ஆனைகட்டிக்கு எட்டு முறையும், சிறுவாணி சாலையில் கணக்கில்லாமலும் போய் வந்துவிட்டேன். சென்ற வாரம் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பெரிய விரிசலின் கோடு அசையவில்லை. வண்ணத்தின் மேல் அதன் தடம் சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் ஒரு நிழலாகத் தெரிகிறது. இடப்பக்கத் துளையின் ஓரத்தில் வண்ணம் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்குக் கீறியிருக்கிறது, அடியில் பிளாஸ்டிக் வெளுக்கவில்லை. ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைப் பென்சிலால் சிறு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கழற்றும்போது அந்தக் கீறல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.